உறுப்பினரின் கடவுச்சொல்லைத் தொடாமல் செயலியை இணைக்க: ட்ரூபல் தளத்தில் ஓஆத் சேவையகம் அமைக்கும் முழு வழி

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் வாசகர் வட்டத்துக்கு, ட்ரூபல் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஓர் இணையத்தளம் இருக்கிறது. மாதம் ஒரு முறை சமூக மன்றத்தில் கூடிப் புத்தகம் பேசுவோம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் வாரம் ஒரு நிகழ்ச்சி. உறுப்பினர் கணக்கு, நிகழ்ச்சிப் பதிவு, கதை கவிதை அனுப்பும் பக்கம், இரவல் நூல் பட்டியல் எல்லாம் அந்தத் தளத்திலேயே இருக்கின்றன. வாசலில் வருகையைக் குறிக்க ஒரு தொண்டூழியர் நல்ல மனத்தோடு ஒரு கைப்பேசிச் செயலி எழுதித் தந்தார். திறந்தால் தளத்தின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்கும். கொடுத்தால் உள்ளே விடும். ஈராண்டு அப்படியே ஓடியது.

ஒருநாள் ஏதோ பிழையைத் தேடிச் செயலியின் பதிவுக் கோப்பைத் திறந்தோம். உள்நுழைந்த ஒவ்வொருவரின் கடவுச்சொல்லும் வரிவரியாக அப்படியே கிடந்தது. அன்றிரவே எல்லாக் கடவுச்சொற்களையும் செல்லாததாக்கிவிட்டு, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். "என் ஈமெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதானே தம்பி, இப்போ என்ன செய்யறது?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் செயலி கடவுச்சொல்லைச் சேமிக்காமல் இருந்திருந்தாலும் தவறு தவறுதான். தளத்தின் கடவுச்சொல்லைத் தளத்தைத் தவிர வேறு எதுவும் பார்க்கவே கூடாது.

அதன்பிறகு, கடவுச்சொல்லைக் கொடுக்காமலே செயலிக்கு அனுமதி தரும் ஓஆத் முறைக்கான அனுமதிச் சேவையகத்தை எங்கள் தளத்தில் அமைத்தோம். அதை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதுகிறேன். ட்ரூபல் 10, 11 பதிப்புகளையும் சிம்பிள் ஓஆத் என்ற மாட்யூலின், அதாவது ட்ரூபலில் சேர்க்கும் கூடுதல் நிரலின், 6ஆம் வரிசையையும் மனத்தில் வைத்து எழுதியது. வேர்ட்பிரஸ், ஜூம்லா வைத்திருப்பவர்களுக்கு நிறுவும் பகுதி மாறும். முடிவெடுக்கும் பகுதி அப்படியே பொருந்தும். உண்மையான வேலையும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

காவல்கூடத்துச் சீட்டு

கூட்டுரிமை வீட்டில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போனால், முன்பெல்லாம் பல இடங்களில் காவல்கூடத்தில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டு தருவார்கள். திரும்பும்போது சீட்டைக் கொடுத்து அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலொழிய அப்படி அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இப்போது காவலர் யாரென்று சரிபார்த்துவிட்டுச் சீட்டை மட்டும் தருகிறார். எந்தக் கட்டடம், எத்தனை மணி வரை என்பது அந்தச் சீட்டோடு போகிறது. உங்கள் அட்டை உங்கள் பையிலேயே இருக்கிறது.

ஓஆத் இதைத்தான் செய்கிறது. அட்டை என்பது கடவுச்சொல். சீட்டு என்பது அணுகல் டோக்கன். காவல்கூடம்தான் அனுமதிச் சேவையகம். சீட்டில் எழுதியிருக்கும் எல்லைக்கு ஸ்கோப் என்று பெயர். சீட்டோடு உள்ளே போகும் செயலியைக் கிளையண்ட் என்பார்கள். தரவை வைத்திருக்கும் இடம் வளச் சேவையகம். நம் விஷயத்தில் காவல்கூடமும் கட்டடமும் ஒரே ட்ரூபல் தளம்தான்.

ஓஆத் 2.0 என்பது 2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. அதில் இருந்த சில வழிகள் பிறகு ஆபத்தானவை என்று தெரிந்தன. 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700, செயலியே கடவுச்சொல்லை வாங்கி டோக்கனாக மாற்றும் பாஸ்வேர்ட் கிரான்ட் முறையைப் பயன்படுத்தவே கூடாது என்று உறுதியாகச் சொல்கிறது. உலாவி முகவரியிலேயே டோக்கனைத் திருப்பித் தரும் இம்ப்ளிசிட் முறையையும் விட்டுவிடச் சொல்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் பல, எளிது என்பதால் பாஸ்வேர்ட் கிரான்டில்தான் தொடங்குகின்றன. அப்படித் தொடங்கும் பாடத்தை அங்கேயே மூடிவிடுங்கள். எங்கள் பழைய செயலி செய்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

உங்களுக்கு இது தேவையா?

தளம் மட்டும்தான் இருக்கிறது, வேறு செயலி எதுவும் இல்லை என்றால் தேவையில்லை. வழக்கமான உள்நுழைவே போதும்.

அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் கொண்டு உறுப்பினரை உள்ளே விட வேண்டும் என்றாலும் இது வேறு வேலை. அங்கே சிங்பாஸ்தான் சேவையகம், உங்கள் தளம் கிளையண்ட். இரண்டையும் குழப்பிக்கொண்டு, சேவையக மாட்யூலை நிறுவிவிட்டு சிங்பாஸ் பொத்தானைத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தளத்தில் இருக்கும் கணக்கையும் தரவையும் இன்னொரு செயலியோ இன்னொரு தளமோ பயன்படுத்த வேண்டியிருந்தால்தான் உங்களுக்கு அனுமதிச் சேவையகம் வேண்டும்.

கணினியைத் திறக்கும் முன்

ஒரு தாளை எடுத்து, தளத்தோடு பேசப்போகும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். எங்களுக்கு மூன்று வந்தன. முதலாவது, வாசலில் தொண்டூழியர்கள் பயன்படுத்தும் வருகைச் செயலி. இரண்டாவது, கவிதைப் போட்டிக்காகத் தனியாக நடக்கும் இன்னொரு இணையத்தளம். எங்கள் உறுப்பினர்கள் அங்கே மறுபடி கணக்குத் திறக்காமல் நுழைய வேண்டும். மூன்றாவது, வாரம் ஒரு முறை நிகழ்ச்சிப் பட்டியலை எடுத்துச் செய்திமடல் தயாரிக்கும் ஒரு சிறு நிரல்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள். இதனால் ஓர் இரகசியத்தைக் காக்க முடியுமா? இது யார் சார்பில் பேசுகிறது?

கைப்பேசிச் செயலியால் இரகசியத்தைக் காக்க முடியாது. யார் வேண்டுமானாலும் அதைத் தரவிறக்கிப் பிரித்துப் பார்க்கலாம், உள்ளே புதைத்த இரகசியச் சொல் கைக்கு வந்துவிடும். அதனால் அது பொதுக் கிளையண்ட். அதற்கு இரகசியச் சொல்லே கொடுக்கக் கூடாது. போட்டித் தளம் தன் சேவையகத்தில் இரகசியத்தை வைத்துக்கொள்ள முடியும். அது இரகசியம் காக்கும் கிளையண்ட். இரண்டுமே ஓர் உறுப்பினர் சார்பில் பேசுகின்றன. ஆகவே இரண்டுக்கும் ஆதரைசேஷன் கோட் முறை: உறுப்பினர் நம் தளத்தில் நுழைந்து ஒப்புக்கொண்டதும் கிளையண்டுக்கு ஒரு தற்காலிகக் கோட் போகும், அதைக் கொடுத்து அது டோக்கன் வாங்கும். செய்திமடல் நிரல் எந்த உறுப்பினர் சார்பிலும் பேசவில்லை. அதற்குக் கிளையண்ட் கிரெடென்ஷியல்ஸ் முறை: தன் சொந்த அடையாளத்தையும் இரகசியச் சொல்லையும் காட்டியே டோக்கன் வாங்கும்.

அப்புறம் ஸ்கோப். இதற்கு நாங்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டோம். அந்த இரண்டு வாரமும் வீண் இல்லை. முதலில் எழுதியவர் 'உறுப்பினர் தகவல்' என்று ஒரே ஸ்கோப் போட்டிருந்தார். அதைக் கொடுத்தால் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, பிறந்த ஆண்டு, இரவல் வாங்கிய நூல்கள் அத்தனையும் போய்விடும். வாசலில் நிற்பவருக்கு எதற்கு இரவல் பட்டியல்? கவிதைப் போட்டிக்கு எதற்குத் தொலைபேசி எண்? ஒவ்வொரு கிளையண்டும் செய்யும் வேலையை ஒரு வாக்கியமாக எழுதி, அந்த வாக்கியத்துக்குத் தேவைப்படாத புலத்தை எல்லாம் அடித்தோம். கடைசியில் நின்றவை நான்கு: நிகழ்ச்சிப் பட்டியலைப் படிப்பது, வருகையைக் குறிப்பது, உறுப்பினரின் பெயரை அறிவது, படைப்பைச் சமர்ப்பிப்பது.

அடையாள அட்டை எண்ணை எந்த ஸ்கோப்பிலும் வைக்கவில்லை. தளத்திலேயே அதைக் கேட்பதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சட்டத் தேவை போன்ற சில காரணங்கள் தவிர வேறு எதற்கும் அமைப்புகள் அந்த எண்ணைத் திரட்டக் கூடாது. ஒரு வாசகர் வட்டத்துக்கு அந்தத் தேவை வராது. இந்தச் சட்டம் கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், சங்கங்களுக்கும் பொருந்தும்.

நிறுவுதல்

இது சீக்கிரம் முடியும். தளம் முழுவதும் எச்டிடிபிஎஸ்ஸில் ஓட வேண்டும். சோதனைத் தளமும் அப்படியே. பிஎச்பி நிரல்களை நிறுவும் கம்போசர் கருவி வழியாக சிம்பிள் ஓஆத் மாட்யூலைச் சேர்த்து இயக்குங்கள். அதோடு கன்ஸ்யூமர்ஸ் என்ற மாட்யூலும், பிஎச்பிக்கான லீக் ஓஆத் 2 சேவையக நூலகமும் தாமாகவே வந்துவிடும். கோப்பைத் தரவிறக்கி கையால் போட்டால் அந்த நூலகம் வராது, தளம் வெள்ளைத் திரையாகும். கம்போசர் இல்லாமல் முயல வேண்டாம்.

அடுத்து சாவிகள். அணுகல் டோக்கன் என்பது கையெழுத்திட்ட ஒரு சிறு ஆவணம். ஜேடபிள்யூடி என்று அழைப்பார்கள். தனிச் சாவி கையெழுத்திடும், பொதுச் சாவி அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால் 2048 பிட் ஆர்எஸ்ஏ தனிச் சாவி ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து பொதுச் சாவியைப் பிரித்தெடுக்கலாம். இல்லாவிட்டால் மாட்யூலின் அமைப்புப் பக்கத்தில் சாவி உருவாக்கும் பொத்தானே இருக்கிறது.

சாவிகளை எங்கே வைப்பது என்பதில் மட்டும் மிகக் கவனம். தளத்தின் வெளிப்படைக் கோப்புறைக்கு வெளியே, ஒரு படி மேலே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் உலாவியில் முகவரி தட்டியே யாராவது எடுத்துவிடலாம். நிரலை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்திலும் சேர்க்கக் கூடாது. கோப்பின் அனுமதி 600 அல்லது 660 ஆக இருக்க வேண்டும், வலைச் சேவையகத்தை இயக்கும் பயனர் அதைப் படிக்க முடிய வேண்டும். அனுமதி தளர்வாக இருந்தால் நூலகமே எச்சரிக்கை தரும். அந்த எச்சரிக்கையை அடக்கி வைக்காமல் அனுமதியைத் திருத்துங்கள்.

நிர்வாகப் பட்டியலில் கட்டமைப்பு, அதன் கீழ் மக்கள், அதன் கீழ் சிம்பிள் ஓஆத் என்று போனால் அமைப்புப் பக்கம் வரும். இரண்டு சாவிகளின் முழுப் பாதையையும் அங்கே கொடுத்துச் சேமியுங்கள்.

இன்னொரு சாவி மறைவாக இருக்கிறது. அணுகல் டோக்கன் காலாவதியானால் புதியதை வாங்க உதவும் புதுப்பிப்பு டோக்கனையும், ஆதரைசேஷன் கோடையும் மறையாக்கம் செய்ய, ட்ரூபலின் அமைப்புக் கோப்பில் உள்ள ஹேஷ் சால்ட் என்ற நீளமான சொல்லைத்தான் மாட்யூல் பயன்படுத்துகிறது. அது குறைந்தது 32 எழுத்து இருக்க வேண்டும். தளம் இரண்டு சேவையகங்களில் ஓடினால் இரண்டிலும் அதே சொல் இருக்க வேண்டும். வெவ்வேறாக இருந்தால் உறுப்பினர் சில சமயம் உள்ளே போவார், சில சமயம் போகமாட்டார். காரணம் கண்டுபிடிப்பதற்குள் நாள் போய்விடும்.

ஸ்கோப்பைத் தளத்தில் எழுதுதல்

6ஆம் வரிசையில் ஸ்கோப் என்பது தனிப் பொருள். 5ஆம் வரிசையில் ட்ரூபலின் பயனர் பங்குகளே (ரோல், அதாவது அனுமதிகளின் தொகுப்பு) ஸ்கோப்பாக இருந்தன. பழைய பாடத்தைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அமைப்புப் பக்கத்தின் ஸ்கோப் பகுதியில் புதியதைச் சேர்க்கும்போது, எந்தக் கிரான்ட் முறைக்கு, அதாவது டோக்கன் வாங்கும் எந்த வழிக்கு, அது செல்லும், அது ஒரு தனி அனுமதியைத் தருமா அல்லது ஒரு பங்கு முழுவதையும் தருமா என்று கேட்கும். முடிந்தவரை தனி அனுமதியையே தேர்ந்தெடுங்கள். பங்கைக் கொடுத்தால், நாளைக்கு வேறொருவர் அந்தப் பங்கில் புதிய அனுமதி ஒன்றைச் சேர்க்கும்போது உங்கள் செயலிக்கும் அது சத்தமில்லாமல் போய்விடும்.

டோக்கனால் செய்ய முடிவது, ஸ்கோப்பும் அந்த உறுப்பினரின் சொந்த அனுமதியும் சந்திக்கும் இடம் மட்டுமே. தொண்டூழியர் அல்லாத ஒருவர் வருகைச் செயலியில் நுழைந்தால், ஸ்கோப் இருந்தாலும் அவரால் வருகையைக் குறிக்க முடியாது. இதை நம்பி விட்டுவிடாமல், சாதாரண உறுப்பினர் கணக்கில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

ஸ்கோப்பின் பெயர் ஆங்கில எழுத்துகளில்தான் இருக்க வேண்டும். ஓஆத் விதி தமிழ் எழுத்தை அங்கே ஏற்காது. விளக்கத்தைத் தமிழில் எழுதலாம், எழுதவும் வேண்டும், ஏனென்றால் ஒப்புதல் பக்கத்தில் உறுப்பினர் படிக்கப்போவது அதைத்தான். முதலில் நாங்கள் 'பயனர் சுயவிவர அணுகல்' என்று எழுதியிருந்தோம். அதைப் படித்த ஓர் அக்கா, "இதுக்கு ஒத்துக்கலாமா வேண்டாமான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சரியான கேள்வி. இப்போது அது 'உங்கள் பெயரை மட்டும் இந்தச் செயலிக்குக் காட்டும். மின்னஞ்சல், தொலைபேசி எண் போகாது' என்று இருக்கிறது. வருகைக்கு, 'உங்கள் பெயரில் நிகழ்ச்சி வருகையைக் குறிக்கும்' என்று எழுதினோம். உங்கள் வட்டத்தில் வயதானவர் ஒருவரிடம் காட்டி, படித்துப் புரிகிறதா என்று கேளுங்கள். புரியாமல் கொடுக்கும் ஒப்புதல் ஒப்புதல் ஆகாது.

கிளையண்டைப் பதிவுசெய்தல்

கட்டமைப்பில் இணையச் சேவைகளின் கீழ் கன்ஸ்யூமர்ஸ் இருக்கும். நிறுவியதும் ஒரு முன்னிருப்புக் கிளையண்டும் அங்கே இருக்கும். அதை விட்டுவிட்டு உங்களுடையவற்றைப் புதிதாகச் சேருங்கள். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே ஒன்று. மூன்றுக்கும் ஒன்றையே பயன்படுத்தினால், ஒன்றை நிறுத்த வேண்டிய நாளில் மூன்றும் நிற்கும்.

வருகைச் செயலிக்கு, இரகசியம் காப்பது என்ற குறியை எடுத்துவிடுங்கள், பிகேசிஇ குறியைப் போடுங்கள். பேச்சில் இதைப் பிக்ஸி என்பார்கள். 2015இல் ஆர்எஃப்சி 7636 ஆக வந்தது. செயலி ஒவ்வொரு முறையும் 43 முதல் 128 எழுத்து வரை ஒரு புதுச் சொல்லைத் தானே உருவாக்கி, அதன் எஸ்எச்ஏ 256 சுருக்கத்தை மட்டும் முதலில் அனுப்பும். கோடைக் கொடுத்து டோக்கன் வாங்கும்போது மூலச் சொல்லைக் காட்டும். நடுவில் யாராவது கோடைத் திருடினாலும் மூலச் சொல் இல்லாமல் அது பயன்படாது. பொதுக் கிளையண்டுக்கு இது கட்டாயம். ஆனால் போட்டித் தளத்துக்கும் போட்டுவிட்டோம். ஆர்எஃப்சி 9700 அதையும் பரிந்துரைக்கிறது, கூடுதல் வேலையும் பெரிதாக இல்லை.

ஒப்புதலுக்குப் பின் உறுப்பினரைக் கிளையண்டுக்குத் திருப்பி அனுப்பும் முகவரிதான் திருப்பு முகவரி. இங்கே பதிவதும் கிளையண்ட் அனுப்புவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் சேவையகம் மறுத்துவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் ஆதரைசேஷன் கோட் தவறான இடத்துக்குப் போகாமல் காப்பது அந்தக் கண்டிப்புதான். சோதனைக்கென்று நட்சத்திரக் குறி போட்டு எல்லா முகவரிக்கும் திறந்துவிடும் வழியைத் தேடாதீர்கள்.

போட்டித் தளத்துக்கு இரகசியச் சொல் ஒன்று கொடுக்க வேண்டும். நீளமாக, தற்செயலாக உருவாக்கியதாக இருக்கட்டும். சேமித்தபின் அது ஹேஷாகிவிடும், திரும்பப் பார்க்க முடியாது. அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் வாட்ஸ்அப் குழுவில் போடாமல் நேரில் அல்லது கடவுச்சொல் காப்பான் வழியாகக் கொடுங்கள்.

செய்திமடல் நிரலுக்குக் கிளையண்ட் கிரெடென்ஷியல்ஸ் மட்டும் போதும். கிளையண்டோடு ஒரு பயனரை இணைக்கச் சொல்லும். இங்கே நிர்வாகி கணக்கை இணைத்துவிடுவது மிகப் பெரிய தவறு. நிகழ்ச்சியைப் படிக்கும் அனுமதி மட்டுமே உள்ள புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதை இணையுங்கள்.

கடைசியாக, பயனர் அனுமதிப் பக்கத்தில் ஓஆத் 2 கோட் வழங்கும் அனுமதியை உறுப்பினர் பங்குக்குக் கொடுங்கள். இதை மறந்தால் ஒப்புதல் பக்கத்தில் 403, அதாவது அனுமதி மறுப்பு, வரும்.

ஒரு விஷயம் பலருக்குப் பிறகுதான் தெரியவரும். ஸ்கோப் என்பது கட்டமைப்பு, அதனால் ட்ரூபலின் கட்டமைப்பு ஏற்றுமதியில் போகும். கிளையண்ட் என்பது உள்ளடக்கம், அதனால் போகாது. சோதனைத் தளத்தில் எல்லாம் சரியாக ஓடி, நேரடித் தளத்தில் கிளையண்ட் அடையாளம் செல்லாது என்று வந்தால் இதுதான் காரணம். நேரடித் தளத்தில் கிளையண்டை மறுபடி உருவாக்க வேண்டும், வேறு இரகசியச் சொல்லோடு.

ஆயுட்காலம்

அணுகல் டோக்கனின் முன்னிருப்பு ஆயுள் 300 விநாடி, புதுப்பிப்பு டோக்கனுக்கு 12,09,600 விநாடி, அதாவது 14 நாள். ஐந்து நிமிடம் என்பது குறைவாகத் தோன்றும். ஒரு மணி நேரமாக்கலாமே என்று எங்கள் குழுவிலும் கேட்டார்கள். மாற்ற வேண்டாம் என்றேன். ட்ரூபல் ஒவ்வொரு முறையும் டோக்கன் இரத்தாகியிருக்கிறதா என்று தரவுத்தளத்தில் பார்க்கும். ஆனால் பொதுச் சாவியை மட்டும் வைத்துச் சரிபார்க்கும் வேறொரு சேவையகத்துக்கு இரத்தான செய்தி தெரியாது. டோக்கன் காலாவதியாகும்வரை ஏற்றுக்கொண்டே இருக்கும். ஆயுள் குறைவாக இருந்தால் அந்த இடைவெளியும் குறைவு. உறுப்பினருக்கு எந்தத் தொல்லையும் இல்லை, செயலி பின்னால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய புதுப்பிப்பு டோக்கன் செல்லாததாகி, புதியது ஒன்று வரும். செயலி எழுதுபவர் அந்தப் புதியதைச் சேமிக்க மறந்தால் உறுப்பினர் திரும்பத் திரும்ப வெளியே தள்ளப்படுவார்.

மாதம் ஒரு கூட்டம் என்பதால் 14 நாளுக்குள் செயலியைத் திறக்காதவர் மறுபடி நுழைய வேண்டியிருக்கும். வருகைச் செயலிக்கு மட்டும் 40 நாளாக நீட்டினோம். கிளையண்டுக்குக் கிளையண்ட் இதை மாற்றலாம். செய்திமடல் நிரலுக்குப் புதுப்பிப்பு டோக்கனே வேண்டாம், வேண்டும்போது புதிது கேட்டுக்கொள்ளட்டும்.

காலாவதியான டோக்கன்களைத் துடைப்பது, குறித்த இடைவெளியில் தானாக ஓடும் கிரான் வேலை. கிரான் ஓடாத தளத்தில் அந்த அட்டவணை வளர்ந்துகொண்டே போகும்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் கையால் ஒரு சுற்று செய்யுங்கள். செயலியில் நேரடியாகச் சோதித்தால் பிழை எந்தப் பக்கம் என்று தெரியாது.

உலாவியில் அனுமதி முகவரியைத் திறந்து, கிளையண்ட் அடையாளம், திருப்பு முகவரி, ஸ்கோப், பிக்ஸி சுருக்கம், ஸ்டேட் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ஸ்டேட் என்பது செயலி உருவாக்கும் தற்செயல் சொல். திரும்பி வரும்போது அதே சொல் வருகிறதா என்று செயலி பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் வேறொருவர் தொடங்கிய உள்நுழைவை உங்கள் உறுப்பினர் தலையில் கட்டிவிடலாம். உள்நுழைவுப் பக்கம், பின்னர் ஒப்புதல் பக்கம், பின்னர் திருப்பு முகவரிக்கு 302, அதாவது வழிமாற்றம். முகவரியில் கோடு இருக்கும்.

அந்தக் கோடையும் பிக்ஸி மூலச் சொல்லையும் டோக்கன் முகவரிக்கு போஸ்ட் முறையில் அனுப்புங்கள். இங்கே பாதிப்பேர் ஜேசன் என்ற தரவு வடிவில் அனுப்புவார்கள். படிவத் தரவாகத்தான் அனுப்ப வேண்டும். ஜேசனாக அனுப்பினால் கிரான்ட் வகை ஆதரிக்கப்படவில்லை என்று தொடர்பில்லாத பிழை வரும். நீங்கள் கிரான்ட் அமைப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கோடு ஒரு முறைதான் செல்லும். அதே கோடை மறுபடி அனுப்பி, மறுக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டோக்கன் கிடைத்ததும், ஆதரைசேஷன் தலைப்பில் பேரர் என்ற சொல்லோடு சேர்த்து நிகழ்ச்சிப் பட்டியலைக் கேளுங்கள். தளத்தின் தரவைச் செயலிகளுக்குத் தரும் ஜேசன் ஏபிஐ, ட்ரூபல் 8.7 முதல் மையத்திலேயே இருக்கிறது, படிப்பதற்கு அது போதும். எழுதுவதற்கு முன்னிருப்பில் அது பூட்டியிருக்கும். அதைத் திறந்தால் தளத்தின் எல்லா வகை உள்ளடக்கத்துக்கும் சேர்த்துத் திறக்கிறீர்கள். காப்பாற்ற அனுமதி அமைப்பு மட்டுமே மிஞ்சும். வருகையைக் குறிக்க நாங்கள் அதைத் திறக்காமல் ஒரே ஒரு சிறு வழித்தடம் எழுதிக்கொண்டோம். நிகழ்ச்சி எண்ணும் உறுப்பினர் எண்ணும் மட்டும் வாங்கும், வேறெதையும் தொடாது.

401, அதாவது அடையாளம் ஏற்கப்படவில்லை என்று, வந்தால், டோக்கனைச் சந்தேகிக்கும் முன் அது தளத்தை எட்டியதா என்று பாருங்கள். அப்பாச்சி சில அமைப்புகளில் ஆதரைசேஷன் தலைப்பை பிஎச்பிக்குக் கடத்தாது. ட்ரூபலோடு வரும் எச்டி-அக்சஸ் கோப்பில் அதைக் கடத்தும் வரி இருக்கிறது. யாராவது அந்தக் கோப்பை மாற்றி எழுதியிருந்தால் அது போயிருக்கலாம். எங்களுக்கு நடந்தது அதுதான். தளத்துக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் ரிவர்ஸ் பிராக்ஸி இருந்தால், அதை ட்ரூபல் அமைப்பில் அறிவிக்காவிட்டால் தளம் தன்னைப் பாதுகாப்பற்ற முகவரியில் இருப்பதாக நினைத்து, உறுப்பினரை அங்கே திருப்பும். பக்கங்களின் நகலைச் சேமித்து வேகமாகத் தரும் சிடிஎன் வைத்திருந்தால், ஆதரைசேஷன் தலைப்போடு வரும் பதில்களைச் சேமிக்காதபடி சொல்லிவைக்க வேண்டும். ஒருவர் பெயர் இன்னொருவர் திரையில் தெரிவதைவிட மோசமான பிழை இல்லை.

செயலி எழுதுபவரிடம் சொல்ல வேண்டியது

உள்நுழைவுப் பக்கத்தைச் செயலிக்குள் பதித்த உலாவியில் திறக்கக் கூடாது. கைப்பேசியின் சொந்த உலாவியில்தான் திறக்க வேண்டும். 2017இல் வந்த ஆர்எஃப்சி 8252 இதை விளக்கமாகச் சொல்கிறது. பதித்த உலாவி செயலியின் கையில் இருக்கிறது. உறுப்பினர் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அதனால் பார்க்க முடியும். அப்படியானால் இத்தனை வேலையும் செய்து, கடவுச்சொல் மறுபடி செயலியின் கைக்கே போகிறது. இந்த ஒரு நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்.

போட்டித் தளத்துக்கு இன்னொன்று. உறுப்பினர் யார் என்று அறிய அணுகல் டோக்கனை நம்பக் கூடாது. அது அனுமதிச் சீட்டு, அடையாளச் சீட்டு அன்று. அடையாளத்துக்கு ஓஆத் மேல் கட்டிய ஓப்பன்ஐடி கனெக்ட் இருக்கிறது, 2014 முதல். சிம்பிள் ஓஆத் அதையும் தருகிறது. ஓப்பன்ஐடி ஸ்கோப்பைக் கேட்டால் அடையாள டோக்கனும் சேர்ந்து வரும். அதிலுள்ள சப்ஜெக்ட் எண்ணைக் கொண்டுதான் கணக்கை இணைக்க வேண்டும். மின்னஞ்சலைக் கொண்டு இணைத்தால், உறுப்பினர் மின்னஞ்சலை மாற்றும் நாளில் அவருடைய கவிதைகள் அனாதையாகிவிடும்.

அவசர ஒத்திகை

நேரடித் தளத்தில் திறக்கும் முன் ஒரு மாலை ஒதுக்கி, மோசமான நாளுக்கு ஒத்திகை பாருங்கள். தனிநபர் தரவு கசிந்து, 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டாலும், அல்லது யாருக்கேனும் பெரும் தீங்கு நேரும் என்றாலும், அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்டதிலிருந்து 3 நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளில் உட்கார்ந்து மாட்யூல் பக்கங்களைத் தேட முடியாது.

முதலில் ஓர் உறுப்பினரின் கைப்பேசி தொலைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைப்புப் பக்கத்தின் டோக்கன் பட்டியலில் அவருடையவற்றைக் கண்டுபிடித்து அழியுங்கள். அணுகல் டோக்கனோடு புதுப்பிப்பு டோக்கனும் போக வேண்டும்; ஒன்றை விட்டால் செயலி ஐந்து நிமிடத்தில் மறுபடி உள்ளே வரும். அடுத்து, ஒரு சோதனைக் கணக்கை முடக்கி, அதன் பழைய டோக்கன் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு கிளையண்டின் இரகசியச் சொல் வெளியே போனது என்று வைத்து அதை மாற்றுங்கள். மற்ற இரண்டும் அசையாமல் ஓட வேண்டும்.

கடைசியில் தனிச் சாவி. புதுச் சாவி இணையை உருவாக்கி, பழைய இரண்டு கோப்புகளையும் மாற்றி வையுங்கள். அந்தக் கணமே வெளியே இருக்கும் அணுகல் டோக்கன் அத்தனையும் செல்லாததாகும். புதுப்பிப்பு டோக்கன்கள் வேறு சாவியால் மறையாக்கம் ஆனவை என்பதால் தப்பிக்கும். செயலிகள் புது டோக்கன் வாங்கிக்கொண்டு தொடரும். பொதுச் சாவியின் பிரதி எங்கேனும் வைத்திருந்தால் அதையும் மாற்ற மறக்கக் கூடாது. எங்களுக்கு இந்த முழுச் சுற்றும் முதல் முறை 2 மணி நேரம் பிடித்தது. படிகளைத் தாளில் எழுதி, சாவிக் கோப்பின் பாதை, டோக்கன் பட்டியலின் இடம், யாருக்கு முதலில் தொலைபேசி செய்வது என்பதோடு, குழுவில் மூன்று பேரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த மூவரில் ஒருவர் அதைத் தனியாகச் செய்து பார்க்கிறார்.